இருக்கிறாரா, இருந்தாரா?

2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை. முசரவாக்கத்தில் நம் வீட்டுத் திண்ணையில் செபமாலை முடித்து எழுந்த வேளையில், அண்டை வீட்டு நெசவாளர் ஒரு கடிதத்தைக் கையிற் கொண்டுவந்து நின்றார். ஆங்கிலக் கடிதம். வெளிமாநிலத்து அறக்கட்டளை ஒன்று அவருடைய மகளின் பெயருக்கு அனுப்பியிருந்தது. மகள் கல்லூரியிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

"என்ன எழுதியிருக்காங்க, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க வாத்தியாரே" என்றார்.

படித்தோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தோம். விண்ணப்பதாரரின் தந்தையாரது இறப்புச் சான்றிதழையும், தாயார் கைம்பெண் என்பதற்கான சான்றிதழையும் முப்பது நாட்களுக்குள் அனுப்பிவைக்குமாறு, மிக்க பரிவோடும் ஆழ்ந்த அனுதாபத்தோடும் எழுதியிருந்தார்கள். அந்த இறந்துபோன தந்தையாரோ தோளில் துண்டும் கையில் சாப்பாட்டுத் தூக்குமாக, இரவுக் காவல் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் நம் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"ஏதோ சான்றிதழ் கேட்கிறார்கள்; பாப்பா வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

ஏனெனில் இதற்குக் காரணம் அறக்கட்டளையார் அல்லர், அப்பெண்ணும் அல்லள். அவள் எழுதிய விண்ணப்பத்தை அனுப்புமுன் வாங்கிப் படித்து, "பிழையே இல்லை, கையெழுத்துப் போடு" என்று கூறியவர் நாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர் என்ற பெருமை வேறு நமக்கு. விண்ணப்பத்தில் தன் குடும்பத்தைப் பற்றிப் பத்து வரிகள் எழுத வேண்டியிருந்தது. அவள் எழுதியவற்றுள் மூன்று வாக்கியங்கள் இவை: ‘மை ஃபாதர் வாஸ் எ சில்க் வீவர். ஹி ஒர்க்ட் ஹார்ட் டே அண்ட் நைட். ஹி லவ்ட் அஸ் வெரி மச்.’

எழுவாயும் பயனிலையும் செயப்படுபொருளும் ஒழுங்காகவே இருந்தன. மூன்று வாக்கியங்களும் ஒரே காலத்தில் ஒத்து நின்றன. ஒரு பத்தியினுள் காலத்தை மாற்றாதே என்று நாமே அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருந்தோம். முதல் வாக்கியம் இறந்தகாலமாக அமைந்துவிட்டதால், அடுத்தவையும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்று நம் சொல்லைத் தலைமேற்கொண்டாள். ‘லவ்ட்’ என்ற சொல்லைப் படிக்கும் எந்த ஆங்கில வாசகரும், ‘நேசித்தார், பாவம், இன்று இல்லை’ என்றே முடிவு செய்வார். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் அவள் ஒரு கோடு மட்டும் இட்டிருந்தாள். அப்போது அவருக்கு வேலை ஒன்றும் இல்லை. வருமானம் என்ற இடத்தில், பட்டுநூல் சுற்றித் தாய் பெறும் கூலியை மட்டும் எழுதியிருந்தாள். கோட்டையும் கூலியையும் அந்த மூன்று வாக்கியங்களோடு சேர்த்துப் பார்த்த எவரும் வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது.

உண்மை இதுதான். அவர் காஞ்சிப் பட்டு நெய்தவர். குழித்தறியில் கால் தொங்க உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. கண் பார்வையும் மங்கிற்று. கோர்வை இழையைக் கண் காணாதபோது நெசவாளன் என்ன செய்வான்? 2019-இல் தறியை விட்டார். சில ஆண்டுகள் கிடைத்த வேலையைச் செய்துகொண்டும் சும்மாவும் இருந்தார். விண்ணப்பம் போனபின், ஆனி மாதத்தில்தான், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலராகச் சேர்ந்தார். ‘நெசவாளராக இருந்தார்’ என்று மகள் எண்ணியது பொய்யன்று. இப்போது அவர் நெசவாளர் அல்லர் என்பதைத்தான் அவள் சொல்ல வந்தாள். ஆங்கிலம் அதனை, இப்போது அவரே இல்லை என்று கேட்டுக்கொண்டது.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். ‘என் தந்தை நெசவாளர்’ என்று தமிழில் கூறும்போது அவ்வாக்கியத்தில் வினைச்சொல்லே கிடையாது. வினை இல்லாததால் காலமும் இல்லை. நெசவு செய்துகொண்டிருப்பவரையும், நெசவை நிறுத்தியவரையும், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவரையும் அந்த வாக்கியம் ஒரே பாயில் உட்கார வைத்துவிடும். ஆங்கிலத்திலோ நடுவே ஒரு வாயிற்காப்போன் நிற்கிறான். ‘இஸ்’ என்று சொல்லிப் போ, அல்லது ‘வாஸ்’ என்று சொல்லிப் போ. இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் உன்னை உள்ளே விடமாட்டேன் என்கிறான். நம் பிள்ளைகள் அந்த வாயிலில்தான் முதலில் இடறுகிறார்கள்.

நம் வீடுகளில் ஆங்கிலக் காலங்களை எப்படிக் கற்பிக்கிறோம்? பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று சுவரில் தொங்கும். பக்கத்தில் ரென் - மார்ட்டின் இலக்கண நூல். நிகழ், இறந்த, எதிர் என மூன்று, ஒவ்வொன்றினுள்ளும் நான்கு. பிள்ளை அதனை வாய்ப்பாடுபோல் ஒப்பிக்கும். நாமும் அப்படியே கற்றோம், அப்படியே கற்பித்தோம். அட்டவணை தவறன்று. ஆனால் எந்தக் கட்டத்தில் எந்த வடிவம் என்றுதான் அது காட்டுமே ஒழிய, எதை எப்போது சொல்வது என்று காட்டாது. போதாக்குறைக்கு, உள்ளபடி நோக்கினால் ஆங்கில வினைச்சொல் தன் உருவத்தால் காட்டும் காலங்கள் இரண்டே: நிகழ்வும் இறப்பும். ‘வீவ்’, ‘வோவ்’. எதிர்காலத்துக்கு அதற்கெனத் தனி உருவம் இல்லை. ‘வில்’ என்னும் துணைவினையைக் கடன் வாங்கித்தான் ஒப்பேற்றுகிறது. ‘நெய்தான், நெய்கிறான், நெய்வான்’ என்று மூன்று காலத்துக்கும் தனித்தனி இடைநிலை வைத்திருக்கும் நாம் இவ்வகையில் செல்வர்களே.

அச்செல்வமே சில வேளை நம்மை வழுக்கி விடுகிறது. ‘அவர் தினமும் பூசைக்குப் போவார்’ என்கிறோம். ‘போவார்’ என்பது எதிர்கால வடிவம். ஆனால் நாம் குறிப்பது வழக்கத்தை. பிள்ளை அதனை அப்படியே பெயர்த்து ‘ஹி வில் கோ டு சர்ச் டெய்லி’ என்று எழுதுகிறது. அவர் இனிமேல்தான் நல்லவராகப் போகிறார் என்று பொருள்பட்டுவிடும்! வழக்கத்துக்கு ஆங்கிலம் எளிய நிகழ்காலத்தையே வைத்திருக்கிறது: ‘ஹி கோஸ்’. அவ்வாறே ‘தெரியும்’ என்பது நம்மிடம் எதிர்கால உருவில் நிற்கும் சொல். ‘இவரைப் பத்து வருஷமாகத் தெரியும்’ என்பதைப் பிள்ளைகள் ‘ஐ ஆம் நோயிங் ஹிம் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதுவதை எத்தனை முறை சிவப்பு மையால் அடித்திருப்போம்! அறிதல், உடைமை, விரும்புதல், நம்புதல் ஆகியவை நாடா ஓடுவதுபோல் ஓடிக்கொண்டிருக்கும் செயல்கள் அல்ல, அவை நிலைகள். ஆகவே அவற்றை ஆங்கிலம் தொடர்வினையாக ஆக்க விரும்புவதில்லை. ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதே முறை. ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்று கூறும் பெரியவர்களையும் அறிவோம். பிள்ளைகள் நிலையாக இருக்கிறார்கள். ‘ஐ ஹேவ்’ போதும்.

‘டிட் நாட் வென்ட்’ என்பது மற்றொன்று. இது அறியாமை என்று பிரம்பை எடுத்த காலம் உண்டு. இன்று அவ்வாறு எண்ணுவதில்லை. ‘போகவில்லை’ என்ற நம் சொல்லைப் பாருங்கள். நேற்றுப் போகவில்லை, இன்றும் போகவில்லை. இரண்டுக்கும் அதே சொல். எதிர்மறையில் நாம் காலத்தைக் காட்டாமலே விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் காலம் காட்டியே ஆக வேண்டும் என்று ஆசிரியர் அச்சுறுத்தியிருப்பதால், பிள்ளை பயந்துபோய் இரண்டு இடத்தில் காட்டிவிடுகிறது. ‘டிட்’ என்ற சொல்லே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, அடுத்த வினை சும்மா நடந்து வரலாம் என்று சொன்னால் புரிந்துகொள்ளும். ஒரு மூட்டைக்கு ஒரு கூலியாள்.

மிகவும் தொல்லை தருவது ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வரும் காலம். தமிழில் இது இல்லை என்று சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் உண்டு. அது சரியன்று. ‘வந்திருக்கிறார்’, ‘நெய்திருக்கிறார்’ என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். வந்த செயல் முடிந்தது. வந்தவர் இன்னும் இருக்கிறார். ‘இருக்கிறார்’ என்று நிகழ்காலத்தை அதன் வாலிலேயே கட்டி வைத்திருக்கிறோம். ஆனால் நம் ‘இருக்கிறார்’ சற்றுத் தாராளமானது. ‘நேற்று வந்திருக்கிறார்’ என்றும் சொல்வோம்; காலையில் எழுந்து ஈரத்தரையைப் பார்த்து, ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்று ஊகித்தும் சொல்வோம். ஆங்கிலத்தின் ‘ஹேஸ்’ அத்தனை தாராளம் காட்டாது. ‘யெஸ்டர்டே’ என்ற சொல்லோடு அதற்கு ஒத்துவராது. நாள் குறித்துவிட்டால் ‘கேம்’ என்று முடித்துவிட வேண்டும். நாள் குறிக்காமல், வந்ததன் பயன் இன்றும் நிற்கிறது என்றால் ‘ஹேஸ் கம்’.

இதனை விளக்க நம் ஊர்ப்பக்கத்தில் தறியைவிடச் சிறந்த கரும்பலகை இல்லை. நெசவாளருக்கு எதிரே நீண்டு கிடக்கும் பாவு இனி நெய்யப்பட வேண்டியது, அது எதிர்காலம். நாடா ஓடி ஊடை விழும் இடம் இக்கணம். மடிக்கு அருகில் உள்ள மரத்தில் சுருளும் துணி நெய்து முடிந்தது. முடிந்ததுதான், ஆயினும் அது இன்னும் பாவோடு தொடர்பறாமல் தறியிலேயே இருக்கிறது. இழுத்துப் பார்த்தால் பாவும் அசையும். அதுவே ‘ஹேஸ் வோவன்’. சேலை முழுதும் முடிந்து, தறியிலிருந்து அறுத்து, மடித்து, முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ கொடுத்துக் கூலி வாங்கியாயிற்று என்றால், அது ‘வோவ்’. துணி அதே துணி, உழைப்பும் அதே உழைப்பு. தறியோடு தொடர்பு உண்டா, அறுந்துவிட்டதா என்பதே கேள்வி. காலை முதல் நாடா நிற்கவே இல்லை, இப்போதும் ஓடுகிறது என்றால் ‘ஹேஸ் பீன் வீவிங்’. உவமை எங்கும் முழுதாய்ப் பொருந்தாது என்பதை அறிவோம். ஆயினும் இதைச் சொன்ன நாள்முதல் நம் திண்ணைப் பிள்ளைகள் அட்டவணையைத் தேடுவதில்லை. "சார், இது அறுத்ததா அறுக்காததா?" என்று கேட்கிறார்கள். ஆங்கிலேயர் எவரும் கனவிலும் கேட்டிராத இலக்கணக் கேள்வி!

நம் முன்னோர் காலத்தைப் பற்றி ஆங்கிலேயருக்குக் குறைவாக எண்ணியவர்கள் அல்லர். காலம் மூன்று என்று தொல்காப்பியர் வகுத்தார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக மாறி வருவதும் ஏற்கத் தக்கதே என்று நன்னூல் இசைவு தருகிறது. சோற்றுக்கு முன் உட்கார்ந்திருப்பவனை வாசலில் நின்று கூப்பிட்டால், கை நனைத்தபடியே ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறான். வரவில்லை; ஆயினும் பொய்யன்று; விரைவு. விடைபெறும்போது நாம் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்கிறோம். திரும்பி வருவது எதிர்காலம், அதுவும் கடவுள் கையில் உள்ள எதிர்காலம். அதை நிகழ்காலத்தில் சொல்லித் துணிந்து படியிறங்குகிறோம். ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று நம்மவர் ஆங்கிலத்தில் சொல்வதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நமக்கு அதைத் திருத்த மனம் வருவதில்லை. தேர்வுத்தாளில் மட்டும் திருத்துவோம்.

நன்னூலார் இன்னொன்றும் கூறுகிறார்: மூன்று காலத்துக்கும் ஒத்து நிலைபெற்றிருக்கும் பொருளை நிகழ்காலத்தாலேயே சொல்ல வேண்டும் என்று. மலை நிற்கிறது, நேற்றும் நின்றது, நாளையும் நிற்கும், ஆனாலும் ‘நிற்கிறது’ என்பதே சொல். ஆங்கிலத்தாரும் சூரியன் கிழக்கே உதிப்பதை எளிய நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். சமண முனிவர் ஒருவர் வகுத்த விதியும் கடல் கடந்த மொழியின் வழக்கும் இங்கே கை கோத்துக்கொள்வதைக் காணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

நாம் அவர்கள் மொழியின் காலங்களோடு போராடுவதுபோல், நம் மொழியின் காலங்களோடு போராடிய துறவியரும் உண்டு. அவர்கள் நம் திருச்சபையின் பிள்ளைகளே. முத்துக்குளித்துறையில் 16 ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அன்றீக் அடிகளார் போர்த்துக்கல் நாட்டவர். இலத்தீனில் வினைகளைக் காலம் காலமாக அடுக்கிக் கற்றதுபோலத் தமிழ் வினைகளையும் அடுக்கிக் கற்க முயன்றார். இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் மற்ற வடிவங்களையும் கண்டறியத் தாம் பட்ட பாட்டை உரோமைக்குக் கடிதமாக எழுதினார். அவர் 1549-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே லிஸ்பன் நூலகத்தில் கிடந்து, 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு நூலாக வெளிவந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்ததே என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் அந்நூலுக்குப் பின்னால், ‘வந்தான்’ ஏன் ‘வருந்தான்’ ஆகவில்லை என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் இருந்தார் என்பதை எண்ணும்போது, நம் பிள்ளைகள் ‘கோ’ ஏன் ‘வென்ட்’ ஆயிற்று என்று விழிப்பதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்த வீரமாமுனிவர் தொன்னூல் விளக்கம் இயற்றும் அளவுக்குத் தமிழில் தேர்ந்தார். பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணத்தை 1738-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள் லுத்தரன் சபையார். நம்பிக்கையில் மாறுபட்டிருந்தவர்களை வினைச்சொல் ஓர் அச்சகத்தில் ஒன்றுகூட்டியது.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். மறுநாள் காலை அப்பெண்ணை அழைத்துக் கடிதத்தைக் காட்டினோம். படித்தாள். முகம் வெளுத்தது. "நான் அப்படி எழுதலையே சார்" என்றாள். "அப்படித்தான் எழுதினோம்" என்றோம். ‘எழுதினாய்’ என்று கூற நமக்கு வாய் எழவில்லை. தாயிடம் அவளே போய்ச் சொன்னாள். கைம்பெண் என்ற சொல்லை மட்டும் மறைக்கச் சொல்லியிருந்தோம், அவள் மறைக்கவில்லை. அந்த அம்மாள், அக்கடிதம் தம் வீட்டினுள் ஒரு நிமிடமும் இருக்கலாகாது என்று கூறிவிட்டார். அது இன்றும் நம் பெட்டியில்தான் இருக்கிறது.

ஆனால் அதே அம்மாள்தான் மாலையில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "அவரு உயிரோட இருக்காருன்னு எழுதினா, பணம் வராம போயிடுமா அண்ணே?"

பதில் சொல்வது எளிதாக இல்லை. தந்தையை இழந்த மாணவியருக்கென்றே அவர்கள் முழுத்தொகையை ஒதுக்கியிருந்தார்கள் என்பது கடிதத்திலிருந்து தெரிந்தது. கல்லூரிக் கட்டணத்தின் இரண்டாம் தவணை அடுத்த மாதம். தந்தை மட்டும் சிரித்தார். "செத்தவனுக்குத்தான் மதிப்புன்னா, நான் செத்ததாவே இருந்துட்டுப் போறேன் வாத்தியாரே. கம்பெனியில் கூட என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல" என்றார். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் சிரிப்பு நின்றது.

நாம் அப்போது மத்தேயு நற்செய்தியின் 22 ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொண்டோம். உயிர்த்தெழுதல் இல்லை என்று வாதிட வந்த சதுசேயருக்கு ஆண்டவர் அளித்த விடையைப் பலமுறை படித்திருந்தும், அதில் ஓர் இலக்கணம் இருப்பதை அதுவரை கவனித்ததில்லை. முட்செடியின் நடுவே மோசேயிடம் பேசிய கடவுள், தம்மை ஆபிரகாமின் கடவுளாகவும் ஈசாக்கின் கடவுளாகவும் யாக்கோபின் கடவுளாகவும் அறிமுகம் செய்துகொண்டார். அம்மூவரும் மண்ணில் மறைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆயினும் அவர்களுடைய கடவுளாக ‘இருந்தேன்’ என்று அவர் கூறவில்லை. ஆகவே அவர்கள் அவருக்கு முன் உயிரோடு இருப்பவர்கள் என்பதே ஆண்டவரின் வாதம். மத்தேயுவின் கிரேக்கத்தில் அவ்விடத்து வினை நிகழ்காலத்தில் நிற்கிறது. விடுதலைப்பயண நூலின் எபிரேய மூலத்திலோ, நம் தமிழைப் போலவே, அங்கு வினைச்சொல்லே இல்லை. வாயிற்காப்போன் இல்லாத மொழியிலிருந்து, வாயிற்காப்போன் உள்ள மொழிக்கு வந்தபோது நற்செய்தியாளர் சரியான கதவைத் திறந்தார். மண்ணிற் புதைத்த முதுபெரும் தந்தையரையே கடவுள் ‘வாஸ்’ என்று சொல்லவில்லை. காவல் வேலைக்குப் போகத் தூக்கில் சோறு கட்டிக்கொண்டிருந்த மனிதரை நாம் சொல்லிவிட்டோம்.

ஆங்கிலத்தில் செபமாலை சொல்லுவோர் ஒவ்வொரு பத்து மணி முடிவிலும் திரித்துவப் புகழ் சொல்லும்போது, ஒரே வினையின் ‘வாஸ்’, ‘இஸ்’, ‘ஷல் பி’ மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். தமிழில் நமக்கு அத்தனை பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று காலமும் ஒருங்கே உடையவர் அவர் ஒருவரே. நாம் எதையும் ஒரு காலத்தில்தான் நின்று சொல்ல முடியும். இறந்தவரை ‘காலமானார்’ என்று நம் மொழி சொல்வதையும் அன்றிரவு எண்ணினோம். ஒருவர் போனபின் காலமாகவே ஆகிவிடுகிறார் என்று எந்தப் புலவன் முதலிற் சொன்னானோ!

மறுப்புக் கடிதம் எழுத மூன்று மாலைகள் ஆயின. முதல் மாலை எழுதியது மன்னிப்புக் கோரலாகவே நிரம்பிவிட்டது, கிழித்தோம். பின்னர் அப்பெண்ணிடமே பேனாவைக் கொடுத்து, "உன் அப்பாவைப் பற்றி மூன்று உண்மைகளைச் சொல். ஒவ்வொன்றும் அறுத்ததா, அறுக்காததா, ஓடிக்கொண்டிருப்பதா என்று நீயே பார்த்து எழுது" என்றோம்.

அவள் நெடுநேரம் யோசித்தாள். முதலாவது: அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் பட்டு நெய்தார். அறுத்தாயிற்று, ‘வோவ்’. இரண்டாவது: 2019 முதல் அவரால் நெய்ய முடியவில்லை. இது தொடங்கியது அன்று, இன்றும் தொடர்கிறது. ‘ஹேஸ் நாட் பீன் ஏபிள் டு வீவ் சின்ஸ் 2019’. இங்கே ‘சின்ஸ்’ சரியான இடத்தில் உட்கார்ந்தது. தொடங்கிய ஆண்டைச் சொன்னாள், ஆண்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. மூன்றாவது: இப்போது இரவுக் காவலராக வேலை செய்கிறார், ‘ஹி ஒர்க்ஸ்’. எழுதிவிட்டுச் சற்று நிறுத்தி, நாம் சொல்லாமலே நான்காவதாக ஒன்றை எழுதினாள்: ‘ஹி லவ்ஸ் அஸ்.’ ஒரே பத்தியில் மூன்று விதமான காலம் வந்துவிட்டது! காலத்தை மாற்றாதே என்று நாம் ஆண்டாண்டாய்ச் சொல்லிவந்த விதி அந்தத் தாளில் உடைந்து கிடந்தது. அதில் நமக்கு வருத்தம் இல்லை.

அறக்கட்டளையார் பின்னர் வருத்தம் தெரிவித்து எழுதினார்கள். வேறொரு திட்டத்தின் கீழ்க் குறைந்த தொகை ஒன்றை அனுப்பினார்கள். மீதிக்கு அந்த அம்மாளின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. அவை இன்னும் மீளவில்லை. பெண் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கடிதத்தை அனுப்புவதற்கு முந்திய மாலை, தந்தைக்கு வாராந்தர விடுமுறை. திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அப்பெண் ஆங்கிலத்தில் ஒரு வரி படிப்பாள், அதைத் தமிழில் தந்தைக்குச் சொல்வாள். தம்மைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைக் கேட்டு அவர் கூச்சத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘இருபத்தெட்டு ஆண்டுகள்’ என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"இருபத்தெட்டு எப்படிம்மா வரும்? எங்க நைனா தறியில் மூணு வருஷம் கோர்வைக்கு உட்கார்ந்தேனே, அதைச் சேர்க்கலையா?"

"அது சொந்தத் தறி இல்லையேப்பா."

"தறி எவனோடதா இருந்தா என்ன? கரைநூல் தள்ளித் தள்ளி ராத்திரியில் கை வலிக்கும். அழுதிருக்கேன். அதுவும் நெசவுதான்."

அப்பெண் நம்மைப் பார்த்தாள். எண்ணை மாற்றினால் முப்பத்தொன்று. ஆனால் உண்மை அப்படியும் முழுதாக அமையவில்லை. அந்த மூன்று ஆண்டுகள் இந்த இருபத்தெட்டுக்கும் முந்தியவை, தகப்பனின் தறியில் கழிந்தவை, தனக்கென்று ஒரு தறி கிடைக்குமுன்பே முடிந்துபோனவை. அவள் தாளைத் திருப்பி, புதிதாக ஒரு வரிக்கு இடம் பண்ணிக்கொண்டாள்.

"முந்தினதுக்கும் முந்தினது சார். ‘ஹேட்’ போடணுமா?"

"போடம்மா" என்றோம்.